மாம்பழத் திருடனின் வாதம்

'நான் என்பது ஒரு மாயை' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் கேள்வி ரொம்பச் சாதாரணமானது: அப்போ வாங்கின கடனை யார் அடைப்பது?

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரின் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல்தான் 'மிலிந்த பன்ஹா' என்கிற பாலி நூல். நாகசேனன் என்பது வெறும் பெயர், அதற்குப் பின்னால் ஆள் என்று ஒருவர் இல்லை என்கிறார் பிக்கு. அப்படியானால் உங்களை ஒருவன் கொன்றாலும் அது கொலை இல்லையே என்று மடக்குகிறான் அரசன்.

நாகசேனர் அவன் ஏறி வந்த தேரை வைத்துக் கேட்கிறார். சக்கரம் தேரா? அச்சா? நுகத்தடியா? எதுவும் இல்லை. இவற்றை விட்டுத் தனியாகத் தேர் என்று ஒன்று உண்டா? அதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து நிற்கும்போது நாம் வைக்கிற பெயர் அது. மனிதனும் அப்படித்தான், மணிமேகலை 'கந்தங்கள்' என்று சொல்லும் ஐந்தின் சேர்க்கை.

தேரோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அதே நூலில் வரும் மாம்பழத் திருடன். பிடிபட்டவன் சொல்கிறான்: தோட்டக்காரன் நட்டது வேறு மாம்பழம், நான் பறித்தது வேறு. லாஜிக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் நட்டது இல்லாமல் பறித்தது வந்திருக்காது என்பதால் அவன் குற்றவாளியே.

எங்கள் மாமா ஒருவர், குடித்த காலத்தில் அத்தையை அடித்தவர். யாராவது கேட்டால் 'என் பிறவிக் குணம் அப்படி, என்ன பண்றது' என்பார். குடியை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது 'அந்த ஆளு செத்துட்டான்டா, இது வேற ஆளு' என்கிறார், சிரித்துக்கொண்டே. அத்தை ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய இடது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாது.

இந்த இரண்டு சாக்குகளையும் ஒரே சமயத்தில் பிடுங்கிவிடுகிறது அனாத்மக் கொள்கை. 'நான் அப்படித்தான்' என்று சொல்ல, மாறாத ஒரு நான் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். 'அது வேற ஆள்' என்று சொல்ல, அந்தத் தொடர்ச்சி எங்கோ அறுந்திருக்க வேண்டும். இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் சாமச் சுடரும் கடைசி சாமச் சுடரும் ஒன்றல்ல. வேறு வேறும் அல்ல என்கிறார் நாகசேனர். அதனால்தான் மாமாவால் மாற முடிந்தது. அதனால்தான் அந்த மணிக்கட்டு இன்னும் அவர் கணக்கில் இருக்கிறது.

நிலையான நான் இல்லையென்றால் பொறுப்பும் கழன்றுவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மாறாத ஆத்மா தேவையில்லை. அந்தச் செயலின் தொடர்ச்சியாக இப்போது உயிரோடு இருக்கும் ஒரு வாய் போதும். அது மாமாவிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.