புதைந்த வண்டியும் உதவும் கையும்

துன்பத்தில் இருப்பவரைக் கண்டதும் ஓடிச் சென்று உதவுவதே அறம் என்று சிறு வயதிலிருந்தே எமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் பிழையேதும் இல்லை. ஆனால் ஓடிச் சென்ற பின்னர் உடனே கை வைப்பதா, சற்று நின்று எண்ணிப் பார்ப்பதா என்ற கேள்வி எழும்போது, நின்று எண்ணுபவரை நாம் இரக்கமற்றவர் என்று நினைத்து விடுகிறோம். "ஆள் அங்கே தவிக்குது, இவர் இங்கே கணக்குப் பார்க்கிறார்" என்று பேசுகிறோம். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்தப் பேச்சு என் காதில் சற்று அதிகமாகவே விழுந்திருக்கிறது. உதவுமுன் எண்ணுவது கருணையில் உள்ள குறையா, அல்லது கருணையின் ஒரு பகுதியா? மணலில் புதைந்துபோன ஒரு ட்றக் வண்டியை முன்னால் வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

நியூகாசிலுக்கு வடக்கே உள்ள ஸ்டொக்டன் கடற்கரை சுமார் 32 கிலோமீற்றர் நீளமானது. வொறிமி பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். அனுமதிச் சீட்டுப் பெற்று அங்கே வாகனம் ஓட்டலாம் என்பதால், விடுமுறை நாட்களில் சிட்னியிலிருந்து எம் இளைஞர்களும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் அங்கே செல்கிறார்கள். மணல் இளகலாக இருக்கும் இடத்தில் வண்டி நின்று விடுகிறது. ஓட்டுநர் பதற்றத்தில் வேகத்தை அழுத்துகிறார். சக்கரம் சுழன்று தனக்குத் தானே குழி தோண்டுகிறது. சில நொடிகளில் வண்டி வயிற்றால் மணலில் இருந்து விடுகிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் கூடுகிறார்கள். நல்ல மனம் கொண்ட ஒருவர் தமது வண்டியை முன்னால் நிறுத்தி, "கயிற்றைக் கொழுவுங்கோ, ஒரே இழுவையில் எடுத்து விடலாம்" என்கிறார். அறக் கேள்வி தொடங்கும் இடம் இதுதான்.

நட்டம் யார் கணக்கில்?

இவ்வாறு இழுப்பதற்கென்றே செய்யப்படும் நைலோன் பட்டி நீளும் தன்மையுடையது. பரவலாக விற்கப்படும் ஒரு வகை 9 மீற்றர் நீளமும் 8 தொன் தாங்கு திறனும் கொண்டது. அதன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இழுபடக் கூடியது. இழுக்கும் வண்டி சிறிது தூரம் ஓடிப் பட்டியை நீட்டுகிறது. நீண்ட பட்டி சுருங்க முயலும்போது புதைந்த வண்டி வெளியே வருகிறது. இரண்டரைத் தொன் எடையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால், 100 கிலோ எடையுள்ள பொருள் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான சக்தி அதனிடம் இருக்கும். வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். அந்தச் சக்தியின் பெரும்பகுதி ஒரு கணம் பட்டியிலே தங்கி நிற்கிறது. இணைப்பு முறிந்தால், முறிந்த இரும்பையும் காவிக்கொண்டு அது பறக்கும்.

ட்ரெயிலர் கொழுவும் இரும்புக் குமிழில் பட்டியை மாட்டி இழுத்து, குமிழ் முறிந்து பறந்து, உயிர்கள் போன சம்பவங்கள் அவுஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அந்தக் குமிழ் பார்வைக்கு உறுதியானதுதான். ஆனால் அது சீராக உருளும் பாரத்தை இழுப்பதற்கானது. திடீர் உலுக்கலைத் தாங்குவதற்கானதன்று. இத்தகைய பட்டிகள் எச்சரிக்கையும் அறிவுறுத்தலும் இன்றி இங்கு விற்கப்படக் கூடாது என்பது சட்டம். பட்டியின் தாங்கு திறன் வண்டியின் முழுச் சுமை எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு வரை இருக்க வேண்டும்; இரு வண்டிகளில் எடை குறைந்த வண்டிக்கே பட்டி பொருந்த வேண்டும்; வெளியே நிற்பவர்கள் பட்டியின் நீளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தூரம் விலகி நிற்க வேண்டும், இழுவையின் பாதையில் ஒருபோதும் நிற்கக் கூடாது என்பவை அந்த அறிவுறுத்தல்களுட் சில. 9 மீற்றர் பட்டி என்றால் பதின்மூன்றரை மீற்றர்.

இந்த ஒன்றரை மடங்கு என்ற எண்ணைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. உதவி செய்ய விரும்பியவர் ஒருவர். உதவி பெறுபவர் இன்னொருவர். ஆனால் இணைப்பு முறிந்தால் அதன் விலையைக் கொடுப்பவர், இந்த இருவருமல்லாத, கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையாக இருக்கலாம். நல்ல நோக்கம் இரும்பின் பாதையைத் திருப்பாது. ஆகவே "எனக்கு இரக்கம் இருக்கிறதா?" என்று கேட்பது மட்டும் போதாது. "தவறினால் நட்டம் யார் கணக்கில் விழும்? அவரிடம் நாம் சம்மதம் கேட்டோமா?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதற்குத்தான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

சிறியதில் தொடங்குதல்

அனுபவமுள்ளவர்கள் செய்யும் முறை வேறு. முதலில் எஞ்சினை ஓயவிட்டு இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து பார்க்கிறார்கள். எது தடுக்கிறது? சக்கரமா, அடிப்பாகமா? பின்னர் சவள் எடுத்துச் சக்கரத்துக்கு முன்னாலும் வயிற்றின் கீழும் உள்ள மணலை அகற்றுகிறார்கள். ரயரில் உள்ள காற்றைக் குறைக்கிறார்கள். தார் வீதியில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அளவில் இருந்ததை 18 அளவுக்கு இறக்கினால் ரயர் மணலில் அதிக நீளத்துக்குப் படிந்து பாரத்தைப் பரப்பும். சக்கரத்தின் கீழ்ப் பலகை வைக்கிறார்கள். பெரும்பாலும் வந்த தடத்தின் வழியே பின்னோக்கி எடுக்கப் பார்க்கிறார்கள். ஏனெனில் அந்த மணல் ஏற்கெனவே இறுகியது, வண்டியைத் தாங்கியது. அநேகமான வண்டிகள் இவ்வளவிலேயே வெளியே வந்துவிடும். வராவிட்டால்தான் பட்டியும் வின்ச்சும்.

இந்த வரிசையில் ஒரு நீதி இருக்கிறது. தோண்டுவது பிழைத்தால் களைப்பு மட்டுமே மிஞ்சும். காற்றைக் குறைத்தது பயன்தராவிட்டால் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். பட்டியால் இழுப்பது பிழைத்தால் மீட்க முடியாதது நேரலாம். திரும்பப் பெறக்கூடியதை முதலிலும், திரும்பப் பெற முடியாததைக் கடைசியிலும் செய்வதே இந்த ஒழுங்கு. இழுக்க நேர்ந்தாலும் கட்டளை இடுபவர் ஒருவராகவே இருப்பார். ஆனால் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு; பத்து வயதுப் பிள்ளை சொன்னாலும் நிறுத்தியே ஆக வேண்டும்.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்றும் வருகின்றன. அரசனுக்குச் சொன்னவைதான். எனினும் மணலில் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது. வலியறிதலில் எண்ணச் சொல்லப்படும் வலிமைகளுள் துணைக்கு வருபவரின் வலிமையும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். இடனறிதலிலோ சேற்றில் கால் புதைந்த யானையே வருகிறது. பெரிய பலம், பொருந்தாத இடத்தில் பலமாகவே இருப்பதில்லை.

காலமறிதல்தான் கடினமானது. புதைந்த வண்டி எப்போதும் அவசரமாகவே தோன்றும். உண்மையில் அவசரம் உண்டா என்பதைக் கடலைப் பார்த்துத்தான் சொல்லலாம். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 6 மணித்தியாலம். வற்றிக்கொண்டிருக்கும் கடலென்றால் நேரம் தாராளமாக உண்டு. பெருகும் கடல் சக்கரத்தைத் தொடும் நிலையென்றால், ஆட்களை முதலில் மேட்டுக்கு ஏற்றிவிட்டு, வண்டி போனால் போகட்டும் என்று முடிவெடுப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. எமது பதற்றம் வேறு, நிலைமையின் அவசரம் வேறு. இரண்டையும் பிரித்தறிவதே காலமறிதல்.

1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் வன்னியின் மண் வீதிகளில் மாரி காலத்தைக் கழித்தவர்களுக்கு லொறி புதைவது புதிய காட்சியல்ல. அப்போது நான் பள்ளி மாணவன். சாமான் மூட்டைகளும் அவற்றின் மேல் சனங்களுமாக ஒரு லொறி சேற்றில் இறங்கி நின்றது. உழவு இயந்திரம் ஒன்று உதவிக்கு வந்து, சங்கிலியும் தயாராக இருந்தது. லொறிச் சாரதி, வயதானவர், சங்கிலியைக் கொழுவ விடவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னார். மூட்டைகளையும் இறக்கச் சொன்னார். மழையில் நனையுமே என்று பெண்கள் ஏசினார்கள். அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "தம்பிமார், லொறி சேத்திலதான் நிக்குது, ஒருத்தரும் சாகேல்ல. அச்சு முறிஞ்சால் இந்தக் காட்டுக்குள்ள எங்க போறது? முதல்ல சாமானை இறக்குங்கோ." இறக்கி, மண் வெட்டி, மரக்கொப்புகள் வெட்டிப் போட்டு, அதன் பின்னரே மெதுவாக இழுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் சென்றது. மூட்டைகள் நனைந்தன. லொறி எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏச்சு வாங்கிய அந்த மனிதரை இரக்கமற்றவர் என்று எவராவது சொல்ல முடியுமா?

எண்ணுவது சாக்காகலாமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எண்ணிப் பார்ப்போம், கூடிப் பேசுவோம் என்று சொல்லியே எதுவும் செய்யாமல் விடுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள் அல்லவா? உண்மைதான். உதவ மனமில்லாதவருக்குத் திட்டமிடுதல் ஒரு நல்ல ஒளிப்பிடம். இரண்டையும் எப்படி வேறு பிரிப்பது? கடற்கரையில் அது எளிது. உண்மையாக எண்ணுபவர் கையில் சவள் இருக்கும். அவர் தோண்டிக்கொண்டே எண்ணுவார். சாக்குச் சொல்பவர் கை சுத்தமாக இருக்கும். எண்ணுதல் அடுத்து என்ன செய்வது என்பதில் முடிய வேண்டும். ஏன் செய்ய முடியாது என்பதில் மட்டும் முடிந்தால் அது எண்ணுதல் அன்று.

இதனை எம் சமூக வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். புதிதாக வந்த ஒரு குடும்பம், அல்லது வியாபாரம் நொடித்த ஒரு குடும்பம், கடனில் புதைந்து நிற்கிறது. உறவினர் ஒருவர் பாசத்தால் வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைக்கிறார். பிணை வைப்பவருடைய பலத்தை எவரும் கணக்கிடுவதில்லை. எடை குறைந்த வண்டிக்கே பட்டி பொருந்த வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு. தாங்க முடியாத பிணை முறியும்போது இரு வீடுகளும் போகின்றன. இரு வீட்டுப் பிள்ளைகளும், கையெழுத்து எதிலும் வைக்காதவர்கள், அதன் விலையைக் கொடுக்கிறார்கள். அதற்கு முன் செய்யக் கூடியவை எத்தனையோ: கடன்களை ஒரு தாளில் வரிசைப்படுத்துதல், கடன் கொடுத்தவரிடம் தவணையை நீட்டும்படி கேட்டல், சில மாத வாடகைக்குக் கைகொடுத்தல். இவை சவள் வேலை. பெயர் கிடைக்காது, முதுகு நோகும், ஆனால் அநேகமான குடும்பங்கள் இவற்றாலேயே எழுந்து விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதைந்த வண்டியின் ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்து, சைகை கிடைத்ததும் தன் சக்கரங்களையும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவருடைய வண்டி எங்கே பலவீனமானது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேளாமல் அவருடைய வண்டியில் கயிறு கட்டுவது உதவியாகாது. வண்டி மணலில் இருக்கும்போது "ஏன் இந்தப் பக்கம் வந்தாய்?" என்று கேட்பதும் உதவியாகாது. அந்தக் கேள்விக்குக் கரையேறிய பின் நேரம் இருக்கிறது.

எனவே, நின்று எண்ணுபவரைக் கண்டால் அவசரப்பட்டு ஏசாதிருப்போம். அவர் கையைப் பார்ப்போம். சவள் இருந்தால் பக்கத்தில் சென்று நாமும் தோண்டுவோம். பட்டி மாட்டப்படும் வேளை வந்தால், முதலில் பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுத் தொடங்குவோம்.