ஐந்து திங்கட்கிழமைகள்

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய டைரியிலிருந்து கிழித்தது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘போனால்’, வலப்பக்கம் ‘இருந்தால்’. பென்ஷன், கிராஜுவிட்டி, லீவு சம்பளம், மருத்துவம், கம்யூட்டேஷன் என்று இரண்டு பக்கமும் ஒரே தலைப்புகள், வேறு வேறு தொகைகள். ஓரத்தில் காப்பி டம்ளர் வைத்த வட்டக் கறை. அடியில் என் மனைவியின் கையெழுத்தில் ‘துவரம்பருப்பு 1, புளி அரை’. கடைக்குக் கொடுத்துவிட வேறு காகிதம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் மூளையைக் கசக்கிப் போட்டு வைத்திருந்த வருங்காலத்தின் கீழே அவள் ஒரு வாரத்து மளிகையை எழுதிவிட்டாள்.

2019 அக்டோபர் 23 அன்று மத்திய அமைச்சரவை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களுக்கான சீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டையும் இணைப்பது, 4ஜி அலைக்கற்றை, நிலங்களை விற்றுக் காசாக்குவது, கூடவே விருப்ப ஓய்வு. நவம்பர் 4 அன்று திறந்து டிசம்பர் 3 அன்று மூடப்படும். 50 வயது நிறைந்தவர்கள் எழுதிக் கொடுக்கலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் கருணைத்தொகை. அதற்கு ஓர் உச்சவரம்பு. பென்ஷன் உடனே தொடங்கிவிடும், அதில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷன் மட்டும் 60 வயதுக்குப் பிறகு. எழுதிக் கொடுத்தவர்கள் 2020 ஜனவரி 31 அன்று வீட்டுக்குப் போக வேண்டும்.

பி.எஸ்.என்.எல்.காரனான எனக்கு அப்போது வயது 56. சர்வீஸ் 33 வருஷம். திறந்த நாள் திங்கட்கிழமை. மூடும் நாள் செவ்வாய். நடுவில் ஐந்து திங்கட்கிழமைகள். கும்பகோணத்தில் இருப்பவனுக்கு நாளை அப்படித்தான் எண்ணத் தோன்றும். முதல் இரண்டு ஐப்பசியில் போய்விடும், மற்ற மூன்றும் கார்த்திகைச் சோமவாரம்.

டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. “போயிடுங்க சார், ரிடயர்மென்ட் வயசை அறுபதுலேருந்து அம்பத்தெட்டு ஆக்கப் போறாங்களாம்” என்றார் ஒருவர். “இருங்க சார், எல்லாரும் போயிட்டா இருக்கறவனுக்கு மதிப்பு கூடும்” என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். உண்மையில் பென்ஷனுக்குப் பயமில்லை. என்னைப் போல் தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்து, 2000 அக்டோபர் 1 அன்று நிறுவனம் பிறந்தபோது அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் பென்ஷன் அரசாங்கத்தின் பொறுப்பு. பென்ஷன் விதியிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அலமாரியிலிருக்கும் விதி ஞாபகத்துக்கு வராது. டீக்கடைப் பேச்சுதான் வரும்.

பஞ்சாட்சரம் சொல்லி மனத்தை நிறுத்தலாம் என்று உட்காருவேன். நூற்றெட்டு எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டுவதற்குள் முப்பத்தைந்தை முப்பத்துமூன்றால் பெருக்கிக்கொண்டிருப்பேன். 1155. அதோடு மிச்சமிருக்கும் வருஷங்களுக்கு இருபத்தைந்து வீதம். நாளொன்றுக்கு இவ்வளவு சம்பளம். தொகை பெரிதாக வந்து நிற்கும். பிறகு உச்சவரம்பு விதியைப் பிரித்துப் படித்தபோது அதில் நல்ல பங்கு கத்தரிபட்டுப் போயிற்று. ஓய்வு வயதை நெருங்கியவர்களுக்குக் கத்தரிப்பு இன்னும் அதிகம். அன்றைக்குப் பூராவும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது: என்னிடம் ஒருபோதும் இல்லாத, யாரும் தருவதாகச் சொல்லாத, நானே பேனாவால் உண்டாக்கிய ஒரு தொகைக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறேன். இழவு வீட்டில் பிணமே இல்லை.

ஆசை என்றால் மண், பொன் என்று பெரிதாக ஏதோ இருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பெருக்கல் கணக்கின் விடையிலும் அது குடியேறும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்காகக் கணக்கே போடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். “எல்லாம் அவன் செயல்” என்று சொல்லிவிட்டு விதியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அதை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது படிக்கச் சோம்பல்.

அந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தவர் சிறுத்தொண்டர். அடியார் கேட்டார் என்று பெற்ற மகனையே கறியாக்கிய பிள்ளைக்கறிக் கதையால் அவரை எல்லோருக்கும் தெரியும். என்னை அப்போது இழுத்தது கதையின் முன்பாதி. பரஞ்சோதியார் என்பது அவர் இயற்பெயர், பல்லவனின் படைத்தலைவர். மருத்துவமும் வடநூலும் கற்றவர், யானையேற்றமும் குதிரையேற்றமும் அறிந்தவர், வாதாபியை வென்று வந்தவர். 642இல் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்த போர்தான் அது என்று வரலாற்றாசிரியர்கள் பொருத்திச் சொல்கிறார்கள். அவர் வீரத்தை அரசன் வியந்தபோது, அமைச்சர்கள் அவர் சிவனடியார், அதனால்தான் அவரை எதிர்க்க ஆளில்லை என்கிறார்கள். அரசன் பதறிவிடுகிறான். அடியாரைப் போய்ப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்துகிறான். பெரும் செல்வத்தைக் கொடுத்து, இனி உம் விருப்பப்படி திருத்தொண்டு செய்யும் என்று விடை கொடுத்து அனுப்புகிறான்.

கருணைத்தொகையோடு கூடிய பணி ஓய்வு! பெரியபுராணத்தில் இதை எழுதிய சேக்கிழாரும் சோழனிடம் அமைச்சராக இருந்தவர்தானே. அரசாங்க உத்தியோகத்தை விட்டு ஒருவன் எப்படி வெளியே வருவான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பரஞ்சோதியார் அந்தச் செல்வத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டும் வாங்கவில்லை. வாங்கிக்கொண்டு சொந்த ஊரான திருச்செங்காட்டங்குடிக்கு வந்து, தினமும் அடியாருக்குச் சோறிட்டு உண்கிறார். அந்தச் சோற்றில் பல்லவன் பணம் கலந்திருக்காதா? கலந்திருக்கும். அது தீட்டு என்று புராணம் சொல்லவில்லை.

நவம்பர் 18, முதல் சோமவாரம். அன்று இரவு மெயின் டிஸ்ட்ரிபியூஷன் ஃப்ரேம் அறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். நாங்கள் எம்.டி.எஃப். என்போம். ஊரில் இருக்கும் ஒவ்வொரு லேண்ட்லைனும் ஒரு ஜோடிக் கம்பியாக அந்த இரும்புச் சட்டத்துக்கு வந்து சேரும். ஜம்பர் வயர் போட்டுத்தான் அதை எக்ஸ்சேஞ்சோடு இணைப்போம். ஒரு காலத்தில் சட்டமே தெரியாதபடி ஜம்பர் அடர்ந்திருக்கும். இப்போது ஊடே மறுபக்கச் சுவர் தெரிந்தது. செல்போன் வந்து ஒவ்வொரு வீடாக லைனைச் சரண்டர் செய்யச் செய்ய, நாங்களே உருவி எடுத்த ஜம்பர்கள். சீரமைப்பு என்பது டெல்லியில் ஒரு நாள் காலையில் தொடங்கியது என்று நினைத்தோம். அது பதினைந்து வருஷமாக என் கையாலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அங்கிருந்து பாட்டரி ரூமுக்குப் போனேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தண்ணீர் ஊற்றும் பெரிய செல்கள். இரண்டு வோல்ட் வீதம் 24 செல், மொத்தம் 48 வோல்ட். ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிடின் அடர்த்தி பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, ரிஜிஸ்டரில் குறிக்க வேண்டும். என் பழைய பேண்ட்டுகளில் எல்லாம் ஆசிட் பட்ட பொத்தல் இருக்கும். பாட்டரி பெரும்பாலும் ‘ஃப்ளோட்’டில் இருக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் எக்ஸ்சேஞ்சின் சுமையைச் சார்ஜர் பார்த்துக்கொள்ளும். பாட்டரி நிறைந்தபடி, கொடுக்கவும் இல்லாமல் கேட்கவும் இல்லாமல் லைனிலேயே நிற்கும். கரண்ட் போனால், பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சொல் கூட அறுபடாமல் அது சுமையை ஏற்கும். கரண்ட் வந்தால் மறுபடி சும்மா இருக்கும்.

சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒன்று சொல்வார்கள். நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் மனத்துக்கு ஒரே எடையாகத் தெரியும் நிலை. அது வாய்த்த பிறகே அருள் பதியும் என்பார்கள். இளவயதில் மடத்து வகுப்பில் கேட்டபோது, அது கல்லாகிப் போவது போல என்று எனக்குப் பட்டது. லாபமும் நட்டமும் ஒன்றுபோல் தெரிந்தால் அவன் என்ன மனுஷன்? பல வருஷம் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவனுக்கு, ஃப்ளோட்டில் இருப்பது செத்திருப்பது ஆகாது என்று அன்று ராத்திரிதான் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது. இணைப்பை அறுத்துக்கொண்டு போன பாட்டரி கொஞ்ச நாளில் தானே வடிந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்ததும் முடிவு வந்துவிட்டதா? வரவில்லை. மறுநாளும் காகிதத்தை எடுத்தேன். “மறுபடியும் கணக்கா? விடை மாறிடுச்சான்னு பாக்கறீங்களா?” என்றாள் மனைவி.

டிசம்பர் 2, கடைசித் திங்கள். கோயிலில் சங்காபிஷேகம். நெல்லைப் பரப்பி அதன்மேல் வரிசை வரிசையாகச் சங்குகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ. காலையிலிருந்து ஒரு பையன் உட்கார்ந்து எண்ணி அடுக்கியிருந்தான். நடுவில் கணக்குத் தப்பி, முதல் வரிசையிலிருந்து மறுபடி விரல் வைத்து எண்ணினான். நூற்றெட்டு சரியாக வந்ததும் எழுந்து போய்விட்டான். பிறகு அபிஷேகம். சங்கை எடுத்துக் கொடுக்கிறவர் கொடுக்க, குருக்கள் வாங்கி வாங்கி ஊற்றினார். ஊற்றும்போது யாரும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்து விருப்பத்தைப் பதிந்தேன். கொடுத்த விருப்பத்தைக் கடைசித் தேதிக்குள் திரும்பப் பெறலாம் என்று திட்டத்திலேயே ஒரு வசதி இருந்தது. இன்னும் ஒரு பகல் மிச்சம். செவ்வாய்க்கிழமை முழுதும் அந்தக் கதவு திறந்திருப்பது தெரிந்துகொண்டே வேலை பார்த்தேன். மனம் வாசல்வரை இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தது, அதட்டாமல் விட்டேன். சாயங்காலம் அதுவாகத் திரும்பி வந்தது.

நாடு முழுவதும் எங்கள் நிறுவனத்தில் 78,569 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் இருப்பது என்று முடிவு செய்தார். அவருக்கு இரண்டாவது பெண் கல்யாணத்துக்கு இருந்தாள்; மாதச் சம்பளம் என்ற சொல்லே பேச்சுவார்த்தைக்குத் தேவைப்பட்டது. 60 வரை இருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். சந்தித்தால் நாங்கள் யார் கணக்கு சரி என்று இதுவரை ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒரு முறை அவர் ஆரம்பித்தார், பாதியில் அவரே சிரித்துவிட்டு முட்டி வலியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. சந்தன மாலை, சால்வை, மிக்சர், போட்டோ. மறுநாள் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது, எழுந்து குளித்தேன், சட்டை போட்டேன், திண்ணையில் உட்கார்ந்தேன். எங்கே போவது? எட்டு வாரத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. நாடே சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் முன்பழக்கம்.

சிறுத்தொண்டர் கதையின் பின்பாதியை நான் அதற்கப்புறம்தான் நினைக்க ஆரம்பித்தேன். பணியிலிருந்து விடைபெற்று, செல்வத்தோடு ஊர் வந்து, மனைவி திருவெண்காட்டு நங்கை, மகன் சீராளன் என்று நிறைந்திருந்த வீட்டு வாசலில் வந்து நின்ற பைரவ அடியார், பல்லவன் கொடுத்ததில் ஒரு காசு கேட்கவில்லை. ஏட்டில் எழுதிக் காத்து வைக்கிற எதையும் கேட்கவில்லை. திருப்புகலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் சித்திரைப் பரணியில் அமுது படையல் நடக்கும். ஒரு வருஷம் போயிருந்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டு என் காகிதத்தின் தலைப்புகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பென்ஷன், கிராஜுவிட்டி, லீவு சம்பளம், மருத்துவம். அதில் அம்மா பெயர் எந்தப் பக்கமும் இல்லை.

அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. நான் வீட்டில் இருப்பதால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையில் இருந்திருந்தாலும் எப்படியோ பார்த்திருப்போம். தினமும் காலையில் நான் காப்பியோடு போனால், என் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

“டூட்டிக்கு நேரமாகலையாடா?”

முதலில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அமைச்சரவை, இணைப்பு, விருப்ப ஓய்வு, பென்ஷன் பத்திரமாக வருகிறது, கவலைப்படாதே என்று. கவனமாகக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் அதே கேள்வி. ஒவ்வொரு நாளும் நான் அந்தக் காகிதத்தை மனத்துக்குள் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியச் சில மாதம் ஆயிற்று. இப்போது விளக்குவதில்லை.

“இன்னிக்கு லீவும்மா.”

“அப்ப சரி” என்று சொல்லி, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள்.