திறமையும் பணயமும்

வார இறுதி நெருங்கினால் காரைக்குடித் தேநீர்க் கடைகளிலும் கல்லூரி வாசல்களிலும் வாலிபர்கள் கூடி ஆலோசனை செய்வதைக் காணலாம். இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளுக்கு இங்கிருந்தே அணி அமைக்கும் 'ஃபேண்டஸி' விளையாட்டைப் பற்றிய ஆலோசனை அது. அதில் ஒருவர் 15 ஆட்டக்காரர்களைத் தம் வசம் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் 11 பேரைக் களமிறக்கி, நால்வரை வெளியே அமர்த்த வேண்டும். தலைவராகக் குறிக்கப்படுபவர் ஈட்டும் புள்ளிகள் இரட்டிப்பாகும். கிரிக்கெட்டிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் இவ்வாறே 11 பேரைத் தேர்ந்து அணி அமைக்கிறார்கள்.

யாருக்குக் காயம், எதிரணியின் தற்காப்பு எத்தகையது, சொந்த மைதானத்தில் யார் சிறப்பாக ஆடுவார் என்றெல்லாம் அவர்கள் ஆராய்வதைக் கேட்டால், இதில் அறிவுக்கு இடமில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. அதனாலேயே ஒரு வினா எழுகிறது. திறமையால் வெல்லக்கூடிய ஆட்டத்தில் பணம் வைத்தால் அது சூதாகுமா?

நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் திறமையையே அளவுகோலாகக் கொண்டு வந்தன. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-இல் அதே அளவுகோலைக் கையாண்டது. 2017-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 'டிரீம் லெவன்' ஆட்டத்தையும் திறமை ஆட்டம் என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ வாய்ப்போ எதுவாயினும் இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. அதையடுத்து அந்நிறுவனம் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

சட்டம் நிறுவனங்களின் வாசலை அடைத்தது. எனினும் நண்பர்கள் தமக்குள் தலைக்கு நூறு ரூபாய் திரட்டி, அதிகப் புள்ளி பெற்றவருக்கு மொத்தத்தையும் கொடுக்கும் வழக்கம் இல்லங்களுக்குள் நடப்பது. அங்கே நம்மைக் கேள்வி கேட்க வேண்டியது நம் மனச்சாட்சிதான்.

சூதைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல் 'மைஸிர்'. எளிமை என்னும் பொருள் தரும் 'யுஸ்ர்' என்ற சொல்லோடு அதை உறவுபடுத்துவர் மொழி அறிஞர். அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுத்துச் சூதாடினர். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொண்டனர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சூதில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதைத் திருமறையும் மறுக்கவில்லை. ஆயினும் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளித்தது. பசித்தவன் வயிறு நிறைந்தது என்னும் நியாயமே அதைக் காக்கவில்லை என்றால், 'இதில் மூளைக்கு வேலை இருக்கிறது' என்னும் நியாயம் காக்குமா?

ஃபிக்ஹு நூல்களில் ஓட்டப் பந்தயத்தையும் அம்பெய்தலையும் பற்றித் தனிப் பாடம் உண்டு. அம்பெய்தலைவிடத் திறமை மிகுந்த கலை வேறெது? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் குறி தவறாத வில்லாளியாக விளங்கியவர்கள். அக்கலையைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அதில் பரிசு பெறவும் இசைவு உண்டு. ஆட்சியாளரோ மூன்றாம் மனிதரோ பரிசளிக்கலாம். போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும், 'நீர் வென்றால் இது உமக்கு' என்று வைக்கலாம். ஆனால் இருவரும் பணம் வைத்து, வென்றவர் தோற்றவரின் பணத்தையும் எடுத்துக்கொள்வதாயின் அது 'கிமார்', அதாவது சூது என்றனர் இமாம்கள். பணயமின்றி மூன்றாமவர் ஒருவரைச் சேர்ப்பது முதலிய நுட்பங்களில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும் அடிப்படை இதுவே.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று. அம்பெய்தலில் திறமை இருக்கிறதா என்று எவரும் ஐயுறவில்லை. ஐயமறத் திறமை உள்ள இடத்திலேயே 'பரிசு யார் கைப்பொருள்?' என்று மார்க்கம் கேட்டது. எனவே திறமை மட்டுமே பணயத்தைத் தூய்மையாக்கிவிடாது என்பது தெளிவு.

நம் கிராமங்களில் நடக்கும் கிரிக்கெட், கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகளில் முதல் பரிசு வழங்குபவர் இன்னார் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். அங்கே பரிசு கொடையாளரின் பொருள். தோற்ற அணியினரின் பையிலிருந்து அது பறிக்கப்படுவதில்லை. அணிகள் கட்டும் நுழைவுக் கட்டணமே பரிசாக மாறுமாயின் அங்கும் இதே கேள்வி எழும்.

'வாணிபத்திலும் நட்டம் வரக்கூடும், அதுவும் சூதா?' என்று கேட்போர் உளர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியோர் இச்சீமையில் பலர். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது கைப்பொருளை அங்கேயே விட்டுத் திரும்பியோர் உண்டு. அது துணிவு, சூதன்று. அரிசியை விற்றவன் பணத்தைப் பெற்றான். வாங்கியவன் அரிசியைப் பெற்றான். இருவர் கையிலும் ஒன்று மிஞ்சியது. நூறு ரூபாய்க் குழுவிலோ பொருள் எதுவும் பிறக்கவில்லை. ஒன்பது பேரின் பணம் பத்தாமவனுக்கு இடம் மாறியது, அவ்வளவே.

'நூறு ரூபாய்தானே? நட்புக்காக ஆடுகிறோம்' என்பார்கள். நட்பைப் பற்றித்தான் நமக்கும் கவலை. நண்பனின் தோல்வி நமக்கு வருவாயாகும் நாளில் அவன் அணித் தலைவர் நொண்டியபடி வெளியேறுவதைக் கண்டு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி அரும்புகிறது. தொலைவில் வலியால் துடிப்பவனும் ஒரு தாயின் மகன் என்பது மறந்து, அவன் வெறும் புள்ளிக் கணக்காகிவிடுகிறான். சூது பகையையும் வெறுப்பையும் மூட்டும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கும் என்று திருமறை எச்சரிப்பதன் ஆழம் இங்கே விளங்குகிறது.

ஆதலால் பெற்றோரே, பிள்ளைகள் அணி அமைப்பதைக் கண்டதும் சீறாதீர்கள். அந்தக் கால்பந்து விளையாட்டில் சேரக் கட்டணமே இல்லை. கடமைகளைத் தவறவிடாமல், பணம் திரட்டாமல் ஆடினால் அது ஓய்வு நேரப் பொழுதுபோக்காக நிற்கும். 'கூட்டுப் பணத்தை மட்டும் விட்டுவிடு' என்று காரணத்தோடு சொல்லுங்கள். அப்பணம் இல்லாதபோது ஆட்டம் அவனுக்குச் சுவைக்கவில்லையென்றால், அவன் விரும்பியது கால்பந்தை அன்று என்பது அவனுக்கே விளங்கிவிடும்.

வாலிபர்களுக்கும் ஒரு சொல். ஆராய்ந்து தேர்வது உங்கள் வேலை. ஆட்டத்தின் முடிவு உங்கள் கையில் இல்லை. 'அவனை இறக்கியிருந்தால்' என்று இரவெல்லாம் வெதும்பாதீர்கள். நடந்துவிட்ட ஒன்றைப் பற்றி 'இப்படிச் செய்திருந்தால்' என்று புலம்புவது ஷைத்தானுக்கு வழி திறக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். முயற்சியைச் செம்மையாகச் செய்து முடிவை இறைவனிடம் ஒப்படைக்கும் பழக்கத்தை விளையாட்டிலே பெற்றவன், நாளை தேர்விலும் தொழிலிலும் தோல்வி வரும்போது நிலைகுலைய மாட்டான்.