பலன் தோன்றாத உழைப்பு

ஒரு செயலின் மதிப்பை அதன் பலனைக் கொண்டு அளப்பதா, செய்தவரின் நிய்யத்தையும் உறுதியையும் கொண்டு அளப்பதா? அறநூல் வல்லார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. மாணவர்க்குப் பாடம் நடத்துகையில் இதனை நாம் பலமுறை எழுப்பியதுண்டு, விடையும் கூறியதுண்டு. ஆயினும் அவ்விடை நாவளவில் நின்றதேயன்றி நெஞ்சில் இறங்கவில்லை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் புற்றுநோயுற்றிருந்தார். நோயணுக்களைக் கொல்ல ஏற்றிய மருந்து, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் நல்லணுக்களையும் உடன் அழித்தது. கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் குன்றின, காய்ச்சல் கண்டது, உயிருக்கே அஞ்சினோம். அடுத்த முறை மருந்து ஏற்றியபின், தோலுக்கடியில் ஓர் ஊசி நாள்தோறும் போடப்பட்டது. வெள்ளணுக்கள் ஏறின, பிள்ளை பிழைத்தார். அந்த ஊசி மருந்து யாருடைய உழைப்பின் கனி என வினவினோம். அங்கிருந்தோர் எவரும் அறிந்திலர். பின்னர் நாமே தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்களுள் முதன்மையானது டொனால்ட் மெட்காஃப்.

1929-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, சிட்னியில் மருத்துவம் பயின்ற இவர், 1954-இல் மெல்போர்ன் நகரின் வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய் எதிர்ப்புக் கழகம் அளித்த கார்டன் ஆய்வாளர் பொறுப்பு அவருடையது. 2014 டிசம்பரில் மறையும்வரை, 60 ஆண்டுகள், அப்பொறுப்பிலேயே இருந்தார்.

அவர் அறிய விழைந்தது இரத்தப் புற்றுநோயின் காரணத்தை. 1960-களின் நடுவில் ரே பிராட்லி என்னும் அறிஞர், அகர் கூழில் இட்ட சுண்டெலியின் மஜ்ஜையணுக்கள் கூட்டங்கூட்டமாகப் பெருகக் கண்டார். இஸ்ரேலில் லியோ சாக்ஸ் குழுவினரும் தனியே இதனைக் கண்டிருந்தனர். தூண்டும் பொருள் ஒன்று சேர்ந்தாலன்றி அவ்வணுக்கள் வளரவில்லை. எனவே, அணுக்களின் பிறப்பை ஆளும் பொருள் உடலில் இருந்தாக வேண்டும் என மெட்காஃப் தெளிந்தார். ஆனால் அது உடலில் இருந்த அளவோ மிகமிக நுண்ணியது. அதனைப் பிரித்துத் தூய்மைப்படுத்த அவரும் தோழர்களும் பல்லாண்டு பாடுபட்டனர். ஒரு பொருளெனத் தேடியது நான்காகப் பிரிந்தது. 1980-களில் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே மருந்தாக்கும் அளவு கிடைத்தது. 1991-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் வந்தது. இம்மருந்தால் பயன்பெற்றோர் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிடுகின்றனர்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம்: "வென்றவரைப் போற்றுதல் எளிது, அவரளவே உழைத்துத் தோற்றவரை யார் போற்றுவார்?" தடை நியாயமானதே. ஆனால் 1966-க்கும் 1986-க்கும் இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். அந்த 20 ஆண்டுகளும் தம் உழைப்பு எந்த நோயாளிக்கேனும் உதவுமா என்பதை மெட்காஃப் அறியார். அக்காலத்தில் அவருடைய நிலை, தோற்றுப்போனவரின் நிலையே. அவரிடம் நாம் மதிப்பது அந்த ஆண்டுகளின் ஒழுக்கத்தை எனின், பலன் கிட்டாமற் போயிருப்பினும் அம்மதிப்புக் குறையலாகாது. அவ்வாறே உழைத்துப் பெயரின்றி மறைந்தவர்க்கும் அதனை மறுத்தலாகாது.

அவ்வாறாயின் விடாப்பிடி யாவும் சிறப்பாகுமா? ஆகாது. அரபியில் 'ஸப்ரு' என்னும் சொல்லுக்கு அடிப்பொருள், தன்னைக் கட்டி நிறுத்துதல். வாளாவிருத்தல் அன்று, பிடிவாதமும் அன்று. பிடிவாதக்காரர் தம் கருத்தைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சுவார். மெட்காஃபோ ஒவ்வொரு படியையும் சோதித்தார். எதிர்பாராத காட்சி எதிர்ப்பட்டபோது தம் வழியையே மாற்றிக்கொண்டார். இரத்தப் புற்றுநோயின் காரணத்தைத் தேடிப் புறப்பட்டவரின் உழைப்பு, வேறு பல நோயாளிகளுக்குத் துணையாய் முடிந்தது. தாம் நாடிய பலன் ஒன்று, பிறர்க்கு வாய்த்த பலன் மற்றொன்று.

பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், எழுத்தறிவிக்கும் ஆசிரியரும் இந்நிலையினரே. 'இவ்வளவு பாடுபட்டோமே, என்ன கண்டோம்?' என்று மனம் சலிக்கும் வேளை நமக்கும் வந்ததுண்டு. பலனைக் காட்டுதல் நம் கையில் இல்லை. பணியை நேர்மையாய்ச் செய்தலும், தவறெனத் தெரிந்தால் திருத்திக்கொள்ளுதலும் நம் கையில் உள்ளன. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அதுவே.

பிழைத்தெழுந்த மாணவர் இன்று சிறார்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். மெட்காஃப் அவரைக் கண்டதில்லை; அவரும் அப்பெயரை, நாம் கூறும்வரை கேட்டதில்லை. கூறியபோது சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அவர் கைவிட்டிருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவை வாசகர்களாகிய உங்களிடமும் ஒப்படைக்கின்றோம்.