எதிரணியின் எடை

ஒரு கோலும் வாங்காத அணி என்றால் உடனே புகழ்ந்துவிடுகிறோம். யாரிடம் வாங்கவில்லை என்று வினவுவதில்லை. இது நீதியாகுமா?

2006 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்து ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோலும் வாங்கவில்லை. உக்ரைனிடம் பெனால்டி உதைகளில் தோற்றே வெளியேறியது. அது தடுத்து நிறுத்திய அணிகளுள் பிரான்சு, இறுதியாட்டம் வரை சென்றது. டோகோவோ மூன்று ஆட்டங்களிலும் தோற்று, மொத்தம் ஒரே கோல் அடித்தது. இருவரிடத்தும் பூஜ்யம் ஒன்றே. அதன் நிறை ஒன்றன்று.

2022இல் கத்தாரில் மொராக்கோ ஆடியதை நினைவுகூர்வோம். நம் உள்ளம் அப்பக்கம் சற்றே சாய்வதை ஒப்புக்கொண்டே எழுதுகிறோம். சாய்வை ஒதுக்கிவிட்டாலும் கணக்கு நிற்கிறது. அரையிறுதிக்கு முந்திய ஐந்து ஆட்டங்களில் அது வாங்கியது ஒரே கோல். அதுவும் கனடாவுடன் ஆடுகையில் தன் வீரர் காலில் பட்டுத் தன் வலைக்குள் புகுந்தது. சுவிட்சர்லாந்துக்கு ஆறு கோல் அடித்த போர்ச்சுகல், நான்கே நாள் கழித்து மொராக்கோவிடம் ஒன்றும் அடிக்க இயலாமல் திரும்பியது. கோஸ்டாரிக்காவுக்கு ஏழு கோல் அடித்த ஸ்பெயின், 120 நிமிடம் முயன்றும் வெறுங்கையோடு நின்றது.

ஆயினும் எடைக்கல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டுமன்றோ? அந்த ஏழு கோல் ஸ்பெயினின் வலிமையா, கோஸ்டாரிக்காவின் மெலிவா? ஜெர்மனியையும் ஸ்பெயினையும் இரண்டிரண்டு கோல் அடித்து வென்றது ஜப்பான். அந்த ஜப்பானையே ஒரு கோலும் அடிக்கவிடாமல் வீழ்த்தியது, ஏழு வாங்கிய அதே கோஸ்டாரிக்கா. மட்டமான தற்காப்பு என்று முதலில் எழுதியிருந்தோம். அவ்வரியை அடித்துவிட்டோம், வேறு சொல் இன்னும் அகப்படவில்லை.