திறந்த விஞ்ஞானமும் எட்டாத அறிவும்

விஞ்ஞானம் யாருடைய உடைமை என்னும் வினா புதியதன்று. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு திறந்த விஞ்ஞானம் பற்றிய பரிந்துரையை ஏற்று, ஆய்வு முடிவுகள் எவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டுமென விடை கூறிற்று. ஆயின், கிடைத்தல் வேறு, எட்டுதல் வேறு. கட்டணமின்றி வெளிவரும் ஆங்கிலக் கட்டுரை, தமிழ் மூலம் மட்டும் கற்ற கிராமத்து ஆசிரியருக்குப் பூட்டிய பெட்டியாகவே இருக்கின்றது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) இதனை அன்றே உணர்ந்திருந்தார். மேனாட்டு மருத்துவத்தை அவர் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழாக்கினார். சொல் இல்லாவிடத்துச் சொல் ஆக்கினார். அவர் நோக்கிற் சமயப் பரப்பலும் கலந்திருந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. எனினும், தமிழாக்கம் அவருக்கு ஓய்வுநேர உபகாரமன்று; வைத்தியத்தொழிலின் ஒரு கூறே.

எளிமைப்படுத்தின் உண்மை திரியும் என்பர் சிலர். திரியலாம். அவ்வச்சம் கவனத்துக்குக் காரணமாகலாமேயன்றி மௌனத்துக்குக் காரணமாகாது. 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டில், பல்கலைக்கழகத்தின் செலவைச் சுமப்போருள் மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருத்தி. அவள் வாங்கும் சீனியிலும் வரி உண்டு. அவள் குடிக்கும் நீரை ஆராய்ந்த ஒருவன், முடிவை அனைத்துலகச் சஞ்சிகையொன்றிற் பிரசுரித்துப் பதவியுயர்வும் பெற்று, அவளிடம் மட்டும் ஒன்றுஞ் சொல்லாது விடுவானாயின், அக்கட்டுரையை எவரும் இலவசமாக வாசிக்கலாம் என்பது அவளுக்கு என்ன விடை?