முன்னிற்போரும் உடன் நிற்போரும்

பலர் கூடி ஆற்றும் எப்பணியிலும் ஒருவர் முன்னிற்கவும் ஏனையோர் அவருக்குத் துணைநிற்கவும் வேண்டியிருப்பது மனித வாழ்வின் இயல்பு. குடும்பம், பங்கு, பள்ளி, ஊர்மன்றம் எதுவாயினும் இந்நிலை மாறுவதில்லை. ஆயின், முன்னிற்பவரே பெரியவர், உடன் நிற்பவர் சிறியவர் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணம் சரியானதுதானா? இவ்வினாவை ஆராய இசையுலகம் நமக்கு உதவும். வயலின் என்னும் ஒரே கருவி ஐரோப்பாவில் தலைமையையும், தமிழகத்தில் துணைமையையும் ஏற்று, இரண்டிலும் புகழ் பெற்றிருக்கிறது அன்றோ!

ஐரோப்பிய இசையில் ஒரு கருவி தனித்து நின்று, பல கருவிகள் கொண்ட குழுவோடு உரையாடும் வடிவத்திற்குக் கான்செர்ட்டோ என்று பெயர். இச்சொல்லோடு தொடர்புடைய இலத்தீன் வினைக்குப் போட்டியிடுதல் என்பது பொருள்; அதுவே இத்தாலிய மொழியில் இசைந்து செய்தலையும் குறிக்கும். பூசலும் இசைவும் ஒரு சொல்லிலேயே குடியிருப்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வடிவத்தை வளர்த்தவருள் முதன்மையானவர் வெனிஸ் நகரத்துக் கத்தோலிக்கக் குருவாகிய அந்தோனியோ விவால்டி. 1703இல் குருப்பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே பியெத்தா என்னும் ஆதரவற்றோர் இல்லத்தில் சிறுமியருக்கு வயலின் கற்பிக்கலானார். 1725இல் அச்சேறிய அவருடைய ‘நான்கு பருவங்கள்’ இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. பெற்றோரால் கைவிடப்பட்ட அப்பெண்கள் கம்பித் தடுப்பின் பின்னே நின்று வாசித்தனர்; கேட்போர் அவர்தம் இசையை வியந்தனர்; முகங்களையோ தெளிவாகக் கண்டதில்லை.

பேத்தோவன் இயற்றிய வயலின் கான்செர்ட்டோ 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் அரங்கேறியது. அன்று அது பெரிதாக எடுபடவில்லை. 1844இல் இலண்டனில், மெண்டல்சோன் குழுவை நடத்த, யோவாகிம் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதனை வாசித்த பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. அப்படைப்பு முரசின் மெல்லிய ஐந்து தட்டல்களோடு தொடங்குகிறது. தனிவயலின் கலைஞரோ ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் வாளாவிருந்து குழுவின் இசையைக் கேட்கிறார். இரண்டாம் பகுதியில் குழு முதன்மைப் பண்ணை இசைக்க, தனிவயலின் அதனைச் சுற்றிப் பூவேலை செய்கிறது. தலைவனே தொண்டனாகும் தருணம் அது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதனைக் கருநாடக இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதில் தேர்ச்சி பெற்று, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். நின்று வாசிக்கப்பட்ட கருவி இங்கே தரையில் அமர்ந்தது. பாடுவோரின் குரலை நிழல்போலத் தொடரும் பக்கவாத்தியமாயிற்று. பாடகர் அடுத்து எவ்வழி செல்வார் என்பது எழுதிவைக்கப்படுவதில்லை. கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். இத்தகைய செவிக்கூர்மை எளிதில் வாய்ப்பதன்று.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘தொடர்ந்து செல்வதும் பெருமையே’ என்று சொல்வது, காலமெல்லாம் பின்னே நிறுத்தப்பட்டோரை அங்கேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சி ஆகாதா? இத்தடை நியாயமானது. கம்பித் தடுப்பின் பின்னே நின்ற சிறுமியர் அவ்விடத்தைத் தாமே தெரிந்துகொண்டவர் அல்லர். பெண் பாடகியர்க்குப் பக்கம் வாசிக்க மறுத்த வித்துவான்கள் நம்மிடையேயும் இருந்தனர். அவர்கள் மறுத்தது இசையின் பொருட்டன்று. யாரைத் தொடர்வது தமக்கு இழுக்கு என்ற கணக்கின் பொருட்டே. எனவே, தாழ்மையைப் பிறருக்குப் போதிப்பது வேறு, தாமே ஏற்பது வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறாயின், முறையான துணைமையை எதனால் அறிவது? தலைவரின் மௌனத்தால் அறியலாம் என்பதே நம் கருத்து. கச்சேரியில் பாடகர் இராக ஆலாபனையை முடித்ததும் வாய்மூடி அமர்கிறார். வயலின் கலைஞர் அதே இராகத்தைத் தம் மனோதருமத்திற்கேற்ப வாசிக்கிறார். பாடகர் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார். அந்த இடைவெளியைத் தர மறுப்பவர் எத்துணை வல்லவராயினும் நல்ல தலைவர் ஆகார். பேத்தோவனின் தனிவயலின் காத்திருப்பதும் இதே அறத்தின்பாற்பட்டது. யார் முன்னே, யார் பின்னே என்பதன்று கேள்வி. முன்னிற்பவர்க்குக் கேட்கத் தெரியுமா என்பதே கேள்வி.

நமக்கு இது புதிய பாடமும் அன்று. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் நோக்கி நீளும் கடற்கரையில் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. கரைவலை இழுப்போர் பாடும் ஏலேலோப் பாட்டில் ஒருவர் முதற்குரல் எடுப்பார். பலர் மறுகுரல் தருவர். மறுகுரல் ஓயும்வரை முதற்குரல் பொறுத்திருக்கும். பொறுக்காவிடில் கைகள் ஒருமித்து இழுக்கமாட்டா. வலையும் கரை சேராது.

நம் இல்லங்களில் அடுப்படியிலிருந்தே குடும்பத்தைத் தாங்கும் தாயர், ஆலயங்களில் திருவிழா மேடை ஏறாது நாற்காலி அடுக்கும் இளைஞர், பாடற்குழுவில் பெயர் அறியப்படாமல் இரண்டாம் குரல் பாடுவோர் என்று உடன் நிற்போர் எத்தனையோ பேர். அவர்களைப் புகழ்ந்து ஒரு பொன்னாடை போர்த்துவது எளிது. அடுத்த கூட்டத்தில் அவர்கள் பேசுவதற்கு இடம் விட்டு, நாம் சற்று நேரம் வாய்மூடி அமர்வது கடினம். அக்கடினமானதை நம் பங்கிலும் வீட்டிலும் செய்யத் தொடங்குவோமாக.